திருப்பிச் சொல்லும் உரிமை: அரசுச் செய்திக்குறிப்பின் உடைமை வரலாறு

1

எங்கள் ஊர் கண்டாச்சிபுரம். கிழக்கே போனால் கடற்கரையில் மரக்காணம். தென்மேற்கே போனால் கள்ளக்குறிச்சி. 1993 வரைக்கும் எல்லாமே தென்னாற்காடுதான். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் செத்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 14 பேர். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 20க்கும் மேல். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால். இந்த முறை 60க்கும் மேற்பட்டோர்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பற்றி ஒரு சிறு வெளியீடு கொண்டுவரலாம் என்று நண்பர்கள் நான்கு பேர் பேசி முடிவு செய்தோம். வடிவம் எளிமையானது. இடப்பக்கத்தில் அரசு அந்தந்த நாளில் வெளியிட்ட செய்திக்குறிப்பு, எண், தேதி உட்பட முழுமையாக. வலப்பக்கத்தில் அதே நாளைப் பற்றி மக்கள் சொன்னது. நடுவில் நாங்கள் எதுவும் பேசுவதில்லை. ஒரு தாளை இன்னொரு தாளுக்கு எதிரில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

விழுப்புரத்தில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். புரட்டிப் பார்த்தார். “தம்பி, இந்த எடது பக்கத்துல இருக்கறது கவர்மெண்ட் பேப்பரு. அத அப்படியே எடுத்துப் போட்டா காப்பிரைட் கேசு வரும். வலது பக்கத்த மட்டும் போட்டுத் தரேன்” என்றார்.

“அண்ணே, வலது பக்கத்துலதான அரசாங்கத்தத் திட்டியிருக்கு?”

“திட்றது ஒங்க பாடு. காப்பியடிக்கிறது எம் பாடு.”

வழியில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தோம். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது இந்தப் பதிலை அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. அரசை எதிர்த்து எழுதுவது அவருக்கு நம்முடைய பாடு. அரசு சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் திருப்பிச் சொல்வதுதான் அவருக்கு ஆபத்தானதாகப் பட்டிருக்கிறது. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? அரசின் சொல் யாருடைய உடைமை? இது குறித்து நம் சூழலில் விவாதம் ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை. அரசின் மொழியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறோம். அந்த மொழியின் மீது அரசுக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டதில்லை.

2

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘அரசுப் படைப்பு’ என்று ஒரு வகைமை இருக்கிறது. அரசோ அதன் துறையோ, சட்டமன்றமோ, நீதிமன்றமோ உருவாக்கியது அல்லது அவற்றின் கட்டுப்பாட்டில் வெளியானது அரசுப் படைப்பு (பிரிவு 2-கே). மாறான ஒப்பந்தம் இல்லாதவரை அதன் முதல் உரிமையாளர் அரசே (பிரிவு 17-டி). அந்த உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும் (பிரிவு 28). ஒரு மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து வரும் ஒற்றைத்தாள் குறிப்பும் இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது.

இந்த 60 ஆண்டுக்கு ஒரு கதை உண்டு. 1957இல் இது 50 ஆகத்தான் இருந்தது. 1941இல் இறந்த தாகூரின் படைப்புகள் மீது விஸ்வபாரதிக்கு இருந்த உரிமை 1991 முடிவில் காலாவதியாக இருந்தது. அதைக் காப்பாற்ற அவசரச் சட்டம் வந்தது, 1992இல் திருத்தச் சட்டமாயிற்று. கவிஞருக்காகக் கூட்டிய பத்தாண்டு அரசுப் படைப்புகளுக்கும் சேர்த்தே கூட்டப்பட்டது. கீதாஞ்சலிக்குக் கிடைத்த நீட்டிப்பு தாசில்தார் அலுவலகத்துச் சுற்றறிக்கைக்கும் கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1965 மொழிப்போர் குறித்து அரசு வெளியிட்ட அறிக்கைகள் 2025 டிசம்பர் 31 வரை அரசின் உடைமை. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணி எரிந்ததை ஒட்டி அந்த மாதமே வெளியானவை 2028 முடிய. 1978இல் விழுப்புரம் பெரிய காலனியில் 12 தலித்துகள் கொல்லப்பட்டபோது வெளியானவை 2038 முடிய. மரக்காணத்துக்கு 2083. கருணாபுரத்துக்கு 2084.

சட்டம் சில கதவுகளைத் திறந்தும் வைத்திருக்கிறது. பிரிவு 52(1)(க்யூ) நான்கு வகை எழுத்துகளைத் தாராளமாக மறுபதிப்புச் செய்ய விடுகிறது. ஒன்று, அரசிதழில் வெளியானவை. இரண்டு, சட்டமன்றச் சட்டங்கள். ஆனால் அவற்றை உரையோடோ வேறு சொந்த எழுத்தோடோ சேர்த்துத்தான் வெளியிட வேண்டும். மூன்று, அரசு நியமித்த குழுக்கள், கமிஷன்களின் அறிக்கைகள். இவை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும், அரசு தடை செய்திருக்கக் கூடாது. நான்கு, தீர்ப்புகள். நீதிமன்றம் தடுத்திருந்தால் மட்டும் கூடாது.

இந்தப் பட்டியலில் செய்திக்குறிப்பு இல்லை. அரசிதழில் வந்தால் பொது. பத்திரிகைகளுக்கு என்றே அச்சிட்டு, ‘வெளியிடுங்கள்’ என்று கொடுத்தனுப்பும் தாளுக்கு அந்த விலக்கு இல்லை. நடைமுறையில் யாரும் கேட்பதில்லை என்பது வேறு. தினசரிகள் தினமும் போடுகின்றன. போட வேண்டும் என்பதுதான் அரசின் விருப்பமும். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தன் குறிப்புகளைத் தனி அனுமதி கேட்காமல், கட்டணம் இல்லாமல் எடுத்தாளலாம் என்று சொல்லியே இருக்கிறது. ஆனால் கூடவே மூன்று நிபந்தனைகள். பிழையின்றி எடுக்க வேண்டும். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். இழிவுபடுத்தும் விதத்திலோ தவறான எண்ணம் தரும் சூழலிலோ பயன்படுத்தக் கூடாது.

முதல் இரண்டும் நியாயம். நாமும் அதைத்தான் செய்ய விரும்புகிறோம். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. ‘சூழல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு குறிப்பை அப்படியே எடுத்து, இறந்தவர் வீட்டுப் பேச்சுக்கு எதிரில் வைத்தால் அது என்ன சூழல்? இழிவா, விமர்சனமா, சும்மா பக்கத்தில் வைத்ததா? அதைத் தீர்மானிப்பது யார்? தாளின் சொந்தக்காரர்.

ஆக, அரசுச் செய்திக்குறிப்பு ஒரு விசித்திரமான உடைமை. எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையாளரே ஆசைப்படுகிற உடைமை. அதனால்தான் அதன் மீதான உரிமை கண்ணுக்குத் தெரிவதில்லை. பணிந்து பிரதி எடுப்பவனுக்கு அது குறுக்கே வராது. பதில் சொல்வதற்காகப் பிரதி எடுக்கிறவனின் காலில்தான் இடறும். இடறாவிட்டாலும் இடறும் என்ற பயம் போதும், அச்சகக்காரர் தாளைத் திருப்பித் தந்துவிடுவார்.

3

இந்த ஏற்பாடு நேற்று வந்ததில்லை. 1867இல் அச்சகங்கள், புத்தகப் பதிவுச் சட்டம் வந்தது. அச்சாகும் எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தே ஆகவேண்டும் என்றது. 1857 முடிந்து பத்தே வருடம். நோட்டீஸ் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அரசுக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. 1878 மார்ச்சில் லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகள் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும், பணம் கட்ட வேண்டும், அல்லது அச்சுப்படியை அதிகாரியிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும். சென்னை மாகாணம் அதன் வரம்புக்கு வெளியே இருந்தது என்றாலும் அதிர்வு இங்கும் வந்தது. அதே லிட்டன் காலத்தில்தான் பத்திரிகை ஆணையர் என்ற பதவியும் உருவானது. ரோப்பர் லெத்பிரிட்ஜ் அதில் இருந்தார். பத்திரிகைகளுக்கு அரசுச் செய்தியைத் தயாரித்துக் கொடுப்பது அவர் வேலை. வாயை அடைக்கும் சட்டமும் வாயில் ஊட்டும் அலுவலகமும் ஒரே காலத்தில் ஒரே ஆட்சியில் பிறந்தன என்பதை நாம் தற்செயல் எனக் கொள்ள முடியாது. ரிப்பன் வந்ததும் இரண்டும் போயின. ஆனால் ஊட்டும் வேலையின் தேவை போகவில்லை. 1919இல் சிம்லாவில் உள்துறையின் கீழ் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியதுதான் பின்னாளில் பத்திரிகைத் தகவல் அலுவலகமாக வளர்ந்தது. மாகாண அரசுகளும் தங்கள் பங்குக்குத் தகவல் துறைகளை அமைத்துக்கொண்டன.

பிரதி எடுத்தலின் இன்னொரு திசையையும் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ், தெலுங்கு முதலான மொழிப் பத்திரிகைகளை அரசு விடாமல் வாசித்தது. வாசித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, சுருக்கி, அதிகாரிகளுக்குள் சுற்றுக்கு விட்டது. சுதேசி இதழ்கள் மீதான அறிக்கைகள் என்று எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் அவை கட்டுக்கட்டாக இருக்கின்றன. எந்த ஆசிரியரிடமும் அனுமதி கேட்டு அரசு இதைச் செய்யவில்லை. வேவு பார்ப்பதற்காக எடுத்த பிரதி. ஆனால் விளைவு வேறாயிற்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ போன்ற இதழ்களில் என்ன வந்தது என்று தேடுகிறவர்களுக்கு இன்று அந்த வேவு அறிக்கைகள்தான் ஒரு முக்கியமான வழி. எந்த நூலகமும் சேர்த்துவைக்க நினைக்காத எழுத்தைக் கண்காணிப்பு சேர்த்துவைத்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எதிராளியின் சொல்லை முழுமையாக, தேதி போட்டு, எடுத்து வைப்பது அரசின் பழைய பழக்கம். நாம் அதைத் திருப்பிச் செய்யும்போது மட்டும் உடைமைக் கேள்வி எழுகிறது.

4

செய்திக்குறிப்பின் அடியில் என்ன இருக்கும்? ‘வெளியீடு: இயக்குநர், செய்தி மக்கள் தொடர்புத் துறை, சென்னை-9.’ இயக்குநரின் பெயர் இருக்காது. எழுதியவர் பெயரும் இருக்காது. செயப்பாட்டு வினைகள் வரிசையாக நிற்கும். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’, ‘உத்தரவிடப்பட்டுள்ளது’, ‘கண்டறியப்பட்டுள்ளது’. எடுத்தது யார், உத்தரவிட்டது யார், கண்டறிந்தது யார் என்று வாக்கியத்துக்குள் தேடினால் கிடைக்காது. இலக்கணம் படித்தவனுக்கு எழுவாய் இல்லாத பயனிலை தெரியும். ஆனால் இங்கே எழுவாய் தோன்றாமல் நிற்கவில்லை, ஒளிந்து நிற்கிறது.

ஆசிரியனின் மரணம் பற்றி ரோலான் பார்த் எழுதி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் சிற்றிதழ்கள் 80களிலும் 90களிலும் அதைப் பேசித் தீர்த்தன. அதே வேகத்தில் ஃபூக்கோ 1969இல் ஆற்றிய உரையில் சொன்ன ஒன்றை நாம் போதிய அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துக்கு ஆசிரியப் பெயர் ஒட்டத் தொடங்கியது, எழுதியவனைத் தண்டிக்க வேண்டி வந்தபோது என்பது அவர் வாதத்தின் ஒரு முனை. முதலில் தண்டனை, அப்புறம்தான் உடைமை. 1867 சட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது, உரிமை கோருவதற்காக இல்லை, பிடித்துக்கொண்டு போவதற்காக. 2024 மார்ச்சில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து 1867 சட்டம் போய்விட்டது. விழுப்புரத்து அச்சகக்காரரின் வயிற்றில் அது இன்னும் அமலில் இருக்கிறது.

ஆக இரண்டு வகைப் பிரதிகள். மக்களின் துண்டறிக்கை: பொறுப்பாளி உண்டு, உரிமை பற்றி யாருக்கும் அக்கறையில்லை. அரசின் செய்திக்குறிப்பு: உரிமையாளர் உண்டு, பொறுப்பாளி இல்லை. தவறாக இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாத எழுத்துக்கு 60 ஆண்டு உடைமைப் பாதுகாப்பு.

மரக்காணத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சனங்கள் எல்லோரும் கள்ளச்சாராயச் சாவு என்றுதான் சொன்னார்கள். சாவு நடந்த சில நாட்களில் காவல்துறைத் தலைமையின் அறிக்கை வந்தது. குடித்தது கள்ளச்சாராயம் அல்ல, மெத்தனால் என்னும் விஷச்சாராயம் என்றது. தடயவியல் ஆய்வைச் சான்று காட்டியது. வேதியியலாகப் பார்த்தால் தவறு சொல்ல முடியாது. எத்தனால் வேறு, தொழிற்சாலைக்குப் போகும் மெத்தனால் வேறு. ஆனால் சொல்லாடலாகப் பாருங்கள். ‘கள்ள’ என்று சொன்னால் கூடவே ஒரு கேள்வி வரும்: கள்ளத்தனமாக விற்கும்போது காவல் நிலையம் என்ன செய்தது? ‘விஷ’ என்று சொன்னால் கேள்வி எங்கோ ஒரு தொழிற்சாலைக் கிடங்கின் பக்கம் போய்விடும். ஒரு முன்னொட்டு மாறியதில் ஊர்க் காவல் நிலையம் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிட்டது. அடுத்த ஆண்டு கருணாபுரத்தில், முதல் சாவுகள் தெரிந்த ஜூன் 19 அன்று, மாவட்ட நிர்வாகம் கள்ளச்சாராயம்தான் காரணம் என்பதைச் செய்தியாளர்களிடம் மறுத்தது. அன்றே ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார். சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

‘கள்ள’ என்பது ‘விஷ’ ஆனதைச் சுருக்கிச் சொன்னால் அது என் குற்றச்சாட்டு. முழுத்தாளையும் எடுத்து வைத்தால் அது சான்று. “நீ திரிச்சிச் சொல்ற” என்று யாரும் சொல்ல முடியாது. சுருக்கத்துக்குப் பதிப்புரிமை தடையில்லை, தகவலுக்கும் கருத்துக்கும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எங்களுக்கு வேண்டியது தகவல் மட்டுமில்லை. அதைச் சொன்ன சொல். அது அப்படியே, ஒரு கமாவும் விடாமல் வேண்டும்.

5

சட்டத்துக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கிறதா? இருக்கிறது என்பதுதான் என் முடிவு. பிரிவு 52(1)(ஏ) விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்தியைச் சொல்வதற்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாளலாம் என்கிறது. ‘நியாயமான’ என்றால் எவ்வளவு? இதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது.

தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952இல் அரங்கேறிய நாடகம். கேரளத்தில் கட்சி வளர்ந்த கதையில் அதற்கு ஓர் இடம் உண்டு. 1995இல் சிவிக் சந்திரன் அதற்கு ஓர் எதிர்நாடகம் எழுதினார்: ‘நிங்ஙள் ஆரெ கம்யூனிஸ்டாக்கி’. ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ என்பதற்கு ‘நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்?’ என்று பதில் கேள்வி. பாசியின் பாத்திரங்கள், காட்சிகள், உரையாடல்கள் அதற்குள் தாராளமாக வருகின்றன. பாசியின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றம் தடை விதித்தது. 1996இல் கேரள உயர்நீதிமன்றம் தடையை ஏற்கவில்லை. எடுத்தாளப்பட்டதன் அளவும் மதிப்பும் என்ன, எதற்காக எடுத்தாளப்பட்டது, மூலத்தோடு சந்தையில் போட்டியிடுமா என்ற மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தது. விமர்சிப்பதற்காக எடுத்திருக்கிறார், மூலத்தின் இடத்தைப் பிடிப்பதற்காக இல்லை என்று கண்டது. எதிர்ப்பிரதி என்று நாம் கோட்பாட்டில் பேசியதை ஒரு நீதிமன்றம் உரிமையாக அங்கீகரித்த சந்தர்ப்பம் இது.

இந்த மூன்று கேள்விகளையும் எங்கள் இடப்பக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். நோக்கம் விமர்சனம். சந்தைப் போட்டி என்ற பேச்சே இல்லை, அரசு இந்தத் தாளை யாருக்கும் விற்கவில்லை. அளவு ஒன்றுதான் உறுத்தும், முழுதாக எடுக்கிறோம். ஒரு பக்கத் தாளில் பாதி எடுத்தால்தான் திரிபு. இந்த வாதம் கோர்ட்டில் நிற்கும் என்றே நம்புகிறேன். ஆனால் கோர்ட்டு வரை போக அச்சகக்காரருக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. விதிவிலக்கு என்பது வழக்கு வந்தபின் சொல்லிக்கொள்ளும் பதில். வழக்கு வராது என்ற உறுதி அதில் இல்லை.

அரசின் எழுத்தை அரசுக்கு எதிரில் வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரமே சாட்சி. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 அதன் தொடர்ச்சி. பஞ்சமி நிலம் என்ற சொல் நமக்கு அங்கிருந்து வருகிறது. நூறாண்டு கழித்து அந்த ஆணையின் எண் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துத் தலித் மக்களின் வாயில் பாடமாக இருந்தது. ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் கூட்டங்களில் கைமாறியதை மூத்த தோழர்கள் சொல்வார்கள். 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் பஞ்சமி நிலத்துக்காகத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அவர்கள் கேட்டது அரசே எழுதிக் கொடுத்ததை. அந்தத் தாள் தாலுகா ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. அது பிரதியாகி வெளியே வந்தபோதுதான் ஆவணம் கோரிக்கையாயிற்று.

கமிஷன் அறிக்கைகளின் கதையும் இதுதான். தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டை ஒட்டி 13 பேர் இறந்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18 அன்று இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து மாதம், 52(1)(க்யூ)வின் கணக்கில் அது மறுபதிப்புச் சுதந்திரம் இல்லாத எழுத்து. ஆகஸ்டில் ‘ஃபிரண்ட்லைன்’ அதன் உள்ளடக்கத்தை வெளியிட்ட பிறகுதான் போலீஸ் மீது ஆணையம் என்ன சொன்னது என்று ஊருக்குத் தெரிந்தது. விசாரணை ஆணையச் சட்டம் ஆறு மாதத்துக்குள் சபையில் வைக்கச் சொல்கிறது. வைக்காமல் கிடந்த அறிக்கைகள் எத்தனை என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சபையில் வைப்பது என்ற ஒரு சடங்கில் வாசகனின் உரிமையைக் கொண்டுபோய்க் கட்டிவைத்திருக்கிறது சட்டம்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல வரியும் கண்ணில் பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 9. கேட்ட தகவலைக் கொடுத்தால் பதிப்புரிமை மீறப்படும் என்றால் மறுக்கலாம் என்கிறது. ஆனால் அந்தப் பதிப்புரிமை ‘அரசு அல்லாத’ ஒருவருடையதாக இருக்க வேண்டும். அதாவது, ‘இது என் சொத்து’ என்று சொல்லி அரசு உங்களுக்குத் தாளைக் கொடுக்காமல் இருக்க முடியாது. வாங்கும் உரிமையை 2005 தந்துவிட்டது. வாங்கியதை அச்சிடும் உரிமை 1957இலேயே நிற்கிறது.

6

வெளியே எப்படி? அமெரிக்காவில் மத்திய அரசின் எழுத்துகளுக்குப் பதிப்புரிமையே கிடையாது. 1895ஆம் ஆண்டின் அச்சுச் சட்டத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனில் மகுடப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது, ஆனால் 2010 முதல் திறந்த உரிமம் ஒன்றைக் கொண்டுவந்து பெரும்பகுதியைத் தளர்த்திவிட்டார்கள். நாம் பிரிட்டனின் 1911 சட்டத்தை 1914இல் வாங்கிக்கொண்டோம், அதன் அரசு உடைமையை 1957இலும் வைத்துக்கொண்டோம். வெறும் பத்திரிகைத் தகவல்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று பெர்ன் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதில் 1928 முதல் உறுப்பினர்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. அரசின் நிர்வாக, சட்ட எழுத்துகளுக்கும் அன்றாடச் செய்திக்கும் பாதுகாப்பு இல்லை என்று எட்டாம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள். படித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சட்டம் நடப்பில் இருந்த 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். தான் எழுதிய கட்டுரைகளுக்காக ஜெ. எஸ். திஸ்ஸநாயகத்துக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அரசு சொன்னதை எடுத்துப் போட அங்கே யாருக்கும் தடையில்லை. அரசு சொன்னதற்கு எதிரில் இன்னொன்றை வைத்தவர்களுக்குத்தான் அந்தக் கதி. ஆகவே பதிப்புரிமையை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. திருப்பிச் சொல்லும் சுதந்திரம் மறுத்துச் சொல்லும் சுதந்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் திருப்பிச் சொல்ல முடியாமல் மறுத்துச் சொல்வது நொண்டி மறுப்பு. எதை மறுக்கிறோம் என்பதையே காட்ட முடியாமல் போய்விடும்.

2023இல் மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே அறிவிக்கும் ஏற்பாட்டை விதியாகக் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது, செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. சொல்லுக்கு உடைமையாளராக இருப்பதும் சொல்லின் உண்மைக்கு நீதிபதியாக இருப்பதும் ஒரே ஆசையின் இரண்டு முகங்கள். அந்த ஆசைக்கு நம்மிடம் இருக்கும் ஒரே மருந்து பழைய தாள்களை எடுத்து வைத்திருப்பது. நேற்று என்ன சொன்னாய் என்று காட்டுவது.

தமிழ்நாட்டு அரசிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை வாங்கிப் பிற்பாடு பொதுவாக்கியது. அதைத் தொடர்ந்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து, மேடை போட்டு, அதற்கும் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டுச் செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கவிஞனை நாட்டுடைமையாக்கிய அரசு தன்னை இன்னும் நாட்டுடைமையாக்கிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு பைசா செலவில்லை, எந்த வாரிசுக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. எங்கள் துறைகள் வெளியிடும் செய்திக்குறிப்புகளை எவரும் எந்த நோக்கத்துக்கும் முழுமையாக மறுபதிப்புச் செய்யலாம், மொழிபெயர்க்கலாம் என்று ஓர் ஆணை போட்டால் போதும். ‘எந்த நோக்கத்துக்கும்’ என்ற இரண்டு சொல்தான் முக்கியம். ‘இழிவுபடுத்தாமல்’ என்ற நிபந்தனையோடு வரும் அனுமதி பழைய பிணைப்பத்திரத்தின் தம்பி.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளில் அரசுத் தரப்பை இரண்டு வரியில் சுருக்கிவிட்டு நம் தரப்புக்குப் போகிறோம். அதை நிறுத்த வேண்டும். குறிப்பை எண், தேதியோடு முழுமையாகப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தக் கூடாது. அது நம் பெருந்தன்மைக்காக இல்லை. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் வெளியீடு கடைசியில் வேறு ஊரில், சின்ன அச்சகம் ஒன்றில் அச்சாயிற்று. 300 பிரதி. முதல் பக்கத்தில் எழுதினோம்: இடப்பக்கத்தில் இருப்பவை அரசின் செய்திக்குறிப்புகள், ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. அதன் கீழே வழக்கம்போல ‘யாரும் எடுத்து அச்சிடலாம்’ என்று போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த வரியை வலப்பக்கத்துக்கு மட்டும்தான் எங்களால் எழுத முடியும். புருஷனைப் பறிகொடுத்தவர்களின் சொல்லை அவர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். எதிரில் இருக்கிற தாளை அரசு 2083 வரைக்கும் தன்னிடமே வைத்திருக்கிறது.